ஆலிம்களும் ஆட்சியியலும்

மார்க்க அறிஞர்களுக்கு இக்கால ஆட்சியிலும் வளர்ச்சியிலும் என்ன பங்கு என்னும் வினா எழும்போதெல்லாம் நம்மிடையே இருவகை விடைகள் பிறக்கின்றன. ஆலிம்கள் மிஹ்ராபோடு நின்றுகொள்ள வேண்டும் என்பர் ஒரு சாரார். ஆட்சிக் கட்டிலே அவர்களுக்குரியது என்பர் மறு சாரார். ஆட்சி என்பது கோட்டையில் மட்டும் நடப்பதன்று, பட்டா மாறுதலிலும் வாரிசுச் சான்றிலும் திருமணப் பதிவிலும் அன்றாடம் நடப்பது என்பதை இருசாராருமே மறந்துவிடுகின்றனர்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கி அறுநூறு உயிர்களுக்கு மேல் பறித்தது. அப்போது சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையின் ஜமாஅத், சுற்றுப்புற மீனவ மக்களுக்குச் சமய வேறுபாடு பாராமல் உணவும் உறைவிடமும் அளித்தது. பள்ளிவாசலைச் சுற்றி ஏற்கெனவே ஓர் அமைப்பு இருந்தமையால் அது கைகூடிற்று. இதனை நாம் பெருமையுடன் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆயினும் பேரிடரில் ஈவது எளிது. நம் வீட்டுப் பெண்ணுக்கு அவள் பங்கை அளப்பதே கடினம்!

1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் கொணர்ந்து அவ்விலக்கை நீக்கிற்று. ஆகவே வீராணம் ஏரிப் பாசனத்து நஞ்சையிலும் முஸ்லிம் மகளுக்குப் பங்குண்டு. மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு ஒருவர் மறைந்தால், சொத்தை இருபத்து நான்கு கூறாக்கி மனைவிக்கு மூன்றும் மகனுக்குப் பதினான்கும் மகளுக்கு ஏழும் தர வேண்டும். ஆனால், "நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று" என்று சொல்லி அந்த ஏழு கூறுகளை விழுங்கிவிடும் குடும்பங்கள் எத்தனை! திருமணத்தன்று தந்தது அன்பளிப்பேயன்றி வாரிசுரிமையாகாது என்பதை எந்த ஆலிமும் அறிவார்.

வீராணத்தின் கரையிலுள்ள லால்பேட்டையில் ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரி தலைமுறை தலைமுறையாக ஆலிம்களை உருவாக்கி வருகிறது. அங்குப் பயின்று 'மன்பஈ' எனப் பட்டம் பெறுவோர் ஃபராயிள் எனும் வாரிசுரிமைக் கணக்கை நன்கு கற்றவர்கள். அத்தகையோர் கையில் சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை வைத்தால் படித்தறிய இயலுமா? கணக்கு மதரசாவில் இருக்கிறது, நிலம் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. இடையில் ஆளில்லை. (மொழி இலக்கணத்தில் அவர்கள் செலவிடும் ஆண்டுகளை நான் குறைத்துப் பேசவில்லை.)

திருமணத்திலும் இதே நிலைதான். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம், எச்சமயத் திருமணமாயினும் அரசிடம் பதிய வேண்டுமென்கிறது. வயதுச் சான்றைக் காணாமல் நிக்காஹ் ஓதமாட்டேன் என்று ஓர் இமாம் உறுதியாய் நின்றால், அம்மஹல்லாவில் இளம்வயது மணம் நடைபெறுவது அரிதாகும்.

நிற்பாரா என்பதே வினா. ஏனெனில் அவருடைய ஊதியம் முத்தவல்லியின் கையில். செல்வர் ஒருவரின் தங்கைக்குரிய பங்கைக் குறித்து வெள்ளி மேடையில் பேசியவர் அடுத்த மாதம் வேறூர் தேட நேரிடலாம். இமாம்கள் ஊதியம் பெற உரிமையுடையவர்கள், வக்பு வாரியங்கள் அதற்கு வழி காண வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது. பின்னரும் பல ஊர்களில் நிர்வாகத்தின் தயவே அவருக்கு வாழ்வு. ஹஜ்ரத் என விளித்து எழுந்து நிற்கும் நாம், அவர் வாய் திறக்க இயலாத நிலையிலும் அவரை வைத்திருக்கிறோம். இந்தோனேசியாவில் 1912-இல் தோன்றிய முஹம்மதிய்யா இயக்கம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்துவதை மேடைதோறும் சொல்லி மகிழும் நம் தலைவர்கள், தம் ஊர் இமாமின் ஊதியத்தைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

இமாமின் ஊதியத்தை நிர்வாகிகளின் விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்ட நிலையான ஏற்பாடாக ஜமாஅத்துகள் எழுத்தில் உறுதி செய்யட்டும். அரபிக் கல்லூரிகளோ இறுதியாண்டு மாணவரை ஒரு திங்கள் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாட்சியர் அலுவலகங்களுக்கும் சார்பதிவாளர் அலுவலகங்களுக்கும் அனுப்பிப் பயிற்றுவிக்கலாம். பாடத்திட்டத்தில் இடமில்லை என்பார்க்கு ஒரு சொல்: புதுப்பாடம் எதுவும் வேண்டா. ஃபராயிள் பாடத்தின் செய்முறைப் பகுதி அது.