அளவெடுப்பதும் வேலைதான்



என் அம்மாவுக்கு நீண்ட நாட்களாக முழங்கால் வருத்தம். குசினியில் கீழ் அலுமாரியின் உள்மூலையிலிருந்து ஒரு சட்டியை எடுப்பதே அவருக்குப் பெரும்பாடு. கதவை எடுத்துவிட்டு, இழுத்தவுடன் எல்லாம் வெளியே வரும்படி இரண்டு லாச்சிகள் போடுவோம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் குசினி அலுமாரிகள் அப்பா இருந்த காலத்தில் தேக்கில் செய்தவை. ஒவ்வொரு கதவிலும் நடுப்பகுதி உயர்ந்திருக்கும். நான்கு ஓரங்களும் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். புதிய லாச்சிகளின் முகப்பும் அப்படியே அமைய வேண்டும் என்பதில் அம்மா பிடிவாதமாக இருந்தார்.

வேலைக்கு நான் அழைத்தது, தகப்பனின் பட்டறையில் மரவேலை பழகிய ஓர் அக்காவை. கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்க்கிறார். "ஏன் பிள்ளை, ஊரில ஆசாரிமார் ஒருத்தரும் இல்லையோ?" என்று அம்மா என் காதுக்குள் கேட்டார்.

முதல் நாள் அந்த அக்கா தேக்குப் பலகையில் கையே வைக்கவில்லை. அடுப்பருகில் இருந்த கதவு துடைத்துத் துடைத்து விளிம்பு மழுங்கிப் போயிருந்தது. அதை விட்டுவிட்டு, அதிகம் புழங்காத மேல் அலுமாரிக் கதவைக் கழற்றி அளந்தார். பலகையின் தடிப்பு 18 மில்லிமீற்றர், சரிவின் அகலம் 40, ஓரத்தில் எஞ்சும் தடிப்பு 6. பின்பு அந்தச் சரிவுக்குப் பொருந்தும்படி ஒரு மட்டையை வெட்டி எடுத்தார். கழிவுத் துண்டு ஒன்றைச் சீவி, அதன்மேல் மட்டையை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இடையில் வெளிச்சம் தெரிந்தால் மீண்டும் சீவினார். அப்படியே பொழுது சாய்ந்தது.

"இண்டைக்கு ஒரு வேலையும் நடக்கேல்லை. இதுக்கும் சம்பளமோ?" என்றார் அம்மா. சமூகவியல் படித்த எனக்கும் ஒரு கணம் அந்த எண்ணம் வந்தது என்பதை வெட்கத்துடன் ஒத்துக்கொள்கிறேன்.

அந்த அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. "அம்மா, சரிவு கொஞ்சம் பிசகினாலும் நிழல் வேற மாதிரி விழும். பிறகு ஒவ்வொரு நாளும் உங்கட கண்ணுக்கு அதுதான் தெரியும். சீவின மரத்தைத் திருப்பி ஒட்டேலாது" என்றார்.

மறுநாள் முகப்புகளைச் சீவினார். மரத்தின் நார் ஓட்டம் குறுக்காக வரும்படி பலகையை வைத்து, முதலில் இரண்டு குறுகிய முனைகளையும் சீவினார். முனையில் சீவுளி ஓடும்போது மூலை பிய்வதுண்டு. பிறகு நீளப் பக்கங்களைச் சீவும்போது அந்தப் பிய்வு போய்விடும். வரிசையை மாற்றினால் பிய்ந்த மூலை அப்படியே நின்றுவிடும். முனைப்பகுதி சாயத்தைக் கூடுதலாகக் குடித்துக் கறுக்கும் என்பதால், அந்த இடத்தை நுண்ணிய அரத்தாளால் மேலும் தேய்த்தார். சாயத்தையும் முதலில் கழிவுத் துண்டில்தான் பூசிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் லாச்சிகள் பொருத்தப்பட்டன. அம்மா பழைய கதவையும் புதிய முகப்பையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் மூன்று நாள் சம்பளத்தையும் எண்ணிக் கொண்டுவந்து, அந்த அக்காவின் கையில் தானே கொடுத்தார்.

சகோதரிகளே, நாளைய சமையலுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இரவில் கணக்குப் பார்க்கிறோமே, அதை யாராவது வேலை என்று சொல்கிறார்களா? நம் உழைப்பில் கண்ணுக்குத் தெரியாத பங்கு மதிக்கப்படவில்லை என்று வருந்தும் நாமே, இன்னொரு பெண்ணின் அளவெடுக்கும் நாளைச் சம்பளத்தில் கழிக்கலாமா?

இத்தகைய வேலை செய்யும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்வேன். அளவுக்கும் மாதிரிக்கும் எத்தனை நாள் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். வகுப்புக்குப் போகாமல் வீட்டில் பழகிய தொழிலுக்கும், திறமையைப் பரிசோதித்துத் தேசிய தொழில்சார் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அந்த அக்காவும் விண்ணப்பப் படிவம் வாங்கிவிட்டார். அதை நிரப்ப உதவியது நான். பக்கத்தில் தேநீருடன் இருந்தது என் அம்மா.