விதியா, பேட்டரியா?

ஐஸ் ஹாக்கி என்றால் நம்மில் பலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வழுக்கும் பனித்தரை, கையில் மட்டை, அங்குமிங்கும் பறக்கும் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு, நடுநடுவே கைகலப்பு. அந்த விளையாட்டு பிடிக்காதவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். இது ஐஸ் ஹாக்கியைப் பற்றிய கட்டுரை மட்டும் இல்லை.

அலெக்ஸி செரெபானோவ் 1989 ஜனவரி 15 அன்று ரஷ்யாவின் அல்தாய் பகுதியில் பிறந்தவர். சைபீரியாவில் இருக்கும் ஓம்ஸ்க் நகரின் அவன்கார்ட் அணிக்காக ஆடினார். 2006-07 பருவத்தில் ரஷ்யாவின் முதல்நிலை லீக்கில் அவர் அடித்த கோல்கள் 18. "அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். அந்த லீக்கில் அறிமுக ஆண்டில் அதிக கோல் அடித்தவர் என்ற சாதனை அதுவரை பாவெல் பூரே வசம் இருந்தது. "ரஷ்ய ராக்கெட்" என்று உலகமே கொண்டாடிய பூரே! அவருடைய சாதனையை முறியடித்தபோது செரெபானோவுக்கு 18 வயதுதான். அதே பருவத்தில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் சிறந்த முன்கள வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் ட்ராஃப்ட் என்று ஒரு முறை உண்டு. இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். 2007 ட்ராஃப்டுக்கு முன் ஐரோப்பாவில் ஆடும் முன்கள, தடுப்பு வீரர்களின் தரவரிசையில் முதலிடம் செரெபானோவுக்கு. ஆனால் அவரை எடுக்க அணிகள் தயங்கின. ரஷ்யாவுக்கும் என்.எச்.எல்.லுக்கும் இடையே வீரர் மாற்ற ஒப்பந்தம் இல்லை. எடுத்தாலும் பையன் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் 17-வது ஆளாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. அவர் ஓம்ஸ்கிலேயே ஆட்டத்தைத் தொடர்ந்தார். 2008-ல் ரேஞ்சர்ஸின் முன்னாள் கேப்டன் யாரோமிர் யாக்ர் அதே ஓம்ஸ்க் அணிக்கு வந்து சேர்ந்தார். 36 வயது ஜாம்பவானும் 19 வயதுப் பையனும் ஒன்றாக ஆடினார்கள்.

2008 அக்டோபர் 13. மாஸ்கோவுக்குத் தெற்கே இருக்கும் செகோவ் நகரில் வித்யாஸ் அணிக்கு எதிரான ஆட்டம், மூன்றாவது பகுதி. யாக்ருடன் களத்தில் ஆடிவிட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்த செரெபானோவ் அப்படியே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. ஆட்டம் முடியும் வரை அரங்கில் நிற்க வேண்டிய ஆம்புலன்ஸ் முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தது. அதைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியில் பேட்டரி வேலை செய்யவில்லை என்று செய்திகள் வந்தன. ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தொழில்முறை ஆட்டத்தில் இந்த நிலை! அன்று இரவே செரெபானோவ் இறந்தார். வயது 19.

பின்னர் ரஷ்ய விசாரணை அதிகாரிகள் இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். ஒன்று, அவருக்கு மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி இருந்தது. அந்த நிலையில் அவர் ஆடியிருக்கவே கூடாது. இரண்டு, தடைசெய்யப்பட்ட நிகெதமைட் என்ற ஊக்க மருந்து அவர் உடலில் இருந்தது. உடனே பேச்சு திசை மாறியது. "அவனே ஊக்க மருந்து எடுத்திருக்கிறான், அப்புறம் யாரைக் குறை சொல்வது?" என்று ஒரு கூட்டம். "எல்லாம் விதி" என்று இன்னொரு கூட்டம்.

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஊக்க மருந்து. செரெபானோவ் ஓர் அணியின் சம்பளத்தில், அந்த அணியின் மருத்துவர்களுடைய மேற்பார்வையில் இருந்தவர். மருந்து எப்படி உள்ளே போயிருந்தாலும், நோயுள்ள இதயத்தோடு பையன் வாரக்கணக்கில் ஆடியதைக் கவனிக்க வேண்டியவர்கள் அந்த மருத்துவர்கள். அவர் ஊக்க மருந்து எடுத்தது தவறு என்றே வைத்துக்கொண்டாலும், அரங்கில் ஆம்புலன்ஸ் இல்லாததற்கு அது எப்படிப் பதிலாகும்?

அடுத்து விதி. இதற்கு ஐஸ் ஹாக்கியே பதில் வைத்திருக்கிறது. 2005 நவம்பர் 21, டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் ஆட்டம். யிரி ஃபிஷர் என்ற 25 வயது செக் வீரர் இதே மாதிரி பெஞ்சில் சரிந்தார். அவருக்கும் இதயம் நின்றது. அணியின் மருத்துவர் ஓடி வந்து நெஞ்சை அழுத்தினார், டிஃபிப்ரிலேட்டரைப் பயன்படுத்தினார். ஃபிஷர் பிழைத்தார். அதன் பிறகு அவரால் ஆட முடியவில்லைதான். ஆனால் அதே அணியில் இளம் வீரர்களை வளர்க்கும் வேலையில் சேர்ந்தார். அதே விளையாட்டு, அதே பெஞ்ச், அதே மாதிரி சரிவு. அங்கே மருத்துவரும் இருந்தார், கருவியும் வேலை செய்தது.

இதயம் இப்படித் திடீரென்று நின்றால், முதலுதவி இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும் என்பது மருத்துவக் கணக்கு. பத்து நிமிடம் தாண்டினால் என்ன மிஞ்சும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2021-ல் யூரோ கோப்பை கால்பந்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் விழுந்ததை நம்மில் பலர் டிவியில் பார்த்தோம். சில நிமிடங்களில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் உலகக் கோப்பையில் ஆடினார்!

"மயோகார்டைட்டிஸ் கொடிய நோய், எல்லாம் இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது" என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கலாம். செரெபானோவ் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பு கிடைக்கவில்லை என்கிறேன். முயன்று தோற்பது வேறு, முயலத் தேவையானதே கையில் இல்லாமல் போவது வேறு.

நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதும் சாத்தியம்தான். இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டு வீரர்களுக்கு இ.சி.ஜி. பரிசோதனை கட்டாயம். அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணங்கள் அதன் பிறகு ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்ததாக 2006-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. செலவு அதிகம், நல்ல இதயத்தையும் நோய் என்று காட்டிவிடும் என்று அமெரிக்காவில் மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கோடிகள் புழங்கும் தொழில்முறை லீக்குக்கு ஒரு இ.சி.ஜி. என்ன பெரிய செலவு?

2009 ட்ராஃப்டில் ரேஞ்சர்ஸுக்கு ஈடாக 47-வது தேர்வு கிடைத்தது. முதல் சுற்றில் எடுத்த வீரரை ஒப்பந்தம் செய்ய முடியாமல் போனால் இரண்டாம் சுற்றில் ஒரு வாய்ப்பு தரலாம் என்று விதி இருக்கிறது. ரேஞ்சர்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை, விதிப்படிதான் கேட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்... ஓர் இளம் வீரர் கைக்கு வராமல் போனால் அணியின் நஷ்டத்தை எப்படி ஈடுகட்டுவது என்று இந்த உலகம் முன்பே எழுதி வைத்திருந்தது. அந்த வீரர் பெஞ்சில் சரிந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் செகோவ் அரங்கில் ஒரு நல்ல பேட்டரிகூட இல்லை.

ஓம்ஸ்க் அணி அவருடைய 7-ம் எண் சட்டைக்கு நிரந்தர ஓய்வு கொடுத்தது. கே.எச்.எல். லீக் தன் சிறந்த அறிமுக வீரர் விருதுக்கு அவர் பெயரை வைத்தது. மருத்துவ விதிகளையும் கடுமையாக்கியது. விருதைவிட அந்த விதிகள்தான் அவருக்குச் செய்த உண்மையான மரியாதை. ஆனால் அதைச் செய்ய ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

செரெபானோவ் என்றதும் "இருந்திருந்தால் எப்படி ஆடியிருப்பாரோ" என்றுதான் ரசிகர்கள் பேசுகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஆம்புலன்ஸ் ஏன் போனது, பேட்டரியை ஏன் யாரும் பார்க்கவில்லை என்ற கேள்விகளுக்கு விடை உண்டு, அதனால்தான் அவற்றைக் கேட்க வேண்டும். மாலையில் நாம் கிரிக்கெட்டோ கால்பந்தோ ஆடும் மைதானத்திலும் ஒருவர் விழலாம். நெஞ்சை எப்படி அழுத்துவது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு மதியம் ஒதுக்கினால் கற்றுக்கொள்ளலாம். என்ன சொல்கிறீர்கள்?