யார் கண்ணிற் படவேண்டும்?

கண்டியிலிருந்து தலாத்துஓயாவுக்குச் செல்லும் வீதியிலே, நகருக்குச் சில மைல் தொலைவில் இருக்கிறது அம்பிட்டிய. குன்றின்மீது பழம்பெரும் கத்தோலிக்கக் குருமடம். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். அப்பால் ஹந்தானை மலைச் சரிவுகளிலே தேயிலை. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் இங்கே ஒரே கடையிலே அரிசி வாங்குகின்றனர். ஒரே பஸ்ஸிலே கண்டிக்குச் செல்கின்றனர். இன்று இவர்கள் எல்லோர் கையிலும் முகநூல் இருக்கிறது. ஒருவர் இரவிலே எழுதியதை அடுத்த வீட்டுக்காரர் விடியுமுன் படித்துவிடுகிறார். ஆகவே, தாம் எழுதுவதை யார் பார்க்கலாம் என்று எழுதுவோரே தீர்மானிப்பதற்கு அங்கே வைக்கப்பட்டிருக்கும் சிறு பொத்தான், இத்தகைய ஊர்களிலே வாழும் எம்மவருக்கு விளையாட்டுப் பொருளன்று.

தோட்டத் தமிழருக்கு அதன் அருமை மற்றெவரையும்விட நன்கு விளங்கவேண்டும். லயத்துக்கு முகவரி இல்லாத காரணத்தால் அவர்களுடைய கடிதங்கள் நெடுங்காலமாகத் தோட்டக் கந்தோருக்கே வந்து சேர்ந்தன. அங்கிருந்து எவரேனும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பப்படும். அல்லது மேசை மீதே கிடக்கும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் பரீட்சை நாள் கழிந்தபின் கைக்கு வந்த கதையும், உறை பிரிந்த நிலையில் கடிதம் வந்த கதையும் மலைநாட்டிலே கேட்டுச் சலித்தவை. தன் எழுத்து யார் கண்ணிற் படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒருபோதும் தன்னிடம் இருந்திராத ஒரு சமுதாயம் இது. அத்தகைய சமுதாயத்தின் கைக்கு இன்று அந்த அதிகாரம், குறைபாடுகளோடாயினும், வந்திருக்கிறது. அதை அறியாமலே நழுவவிடுவது தகுமா?

நழுவவிடுகிறோம் என்பதே எமது கவலை. பூகோளப் படம் இட்டிருந்தால் உலகம் முழுவதும் பார்க்கும். இரு மனிதத் தலைகள் இட்டிருந்தால் நண்பர்கள் பார்ப்பர். பூட்டு இட்டிருந்தால் எழுதியவர் மட்டுமே பார்ப்பார். இவ்வளவுதான் பாடம். ஆயினும் கணக்கைத் திறந்த நாளில் எது இருந்ததோ அதுவே இன்றும் இருக்க, பத்தாண்டுகளாக எழுதி வருவோர் பலர். 2014 ஆம் ஆண்டு மே மாதம் வரை புதிதாகச் சேர்வோருக்கு முகநூல் நிறுவனம் தானாக வைத்திருந்தது பூகோளத்தையே. அதன் பின்னரே நண்பர் என்று மாற்றிற்று. 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுவனத்தின் பிழையொன்றினால், நண்பருக்கு மட்டும் என்று வைத்திருந்த 1 கோடி 40 லட்சம் பேருக்குப் பத்து நாட்களளவில் அந்தத் தெரிவு உலகுக்கே திறந்ததாக மாறிக் கிடந்தது. பூட்டைச் செய்தவனே திறந்துவிட்ட விந்தை இது! ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதுவதே புத்தி.

வேறு சில சந்துகளும் உண்டு. நமது பக்கத்தை எவ்வளவு இறுகப் பூட்டினாலும், முகப்பிலே விரித்து வைக்கும் பெரும்படம் எப்பொழுதும் உலகறியவே இருக்கும். பிறருடைய பதிவின் கீழ் நாம் எழுதும் கருத்தை யார் பார்ப்பர் என்பது அவர் வைத்த தெரிவைப் பொறுத்தது. நமது தெரிவு அங்கே செல்லாது. ஒருவருடைய பெயரை நம் பதிவிலே இணைத்தால் அவருடைய நண்பரும் அதைக் காண வழியுண்டு. மேலும், நண்பர் என்ற சொல்லைத்தான் என்னவென்பது! ஐயாயிரம் நண்பர் வரை முகநூல் அனுமதிக்கிறது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும், எதிர்த் தொழிற்சங்கத்தின் தலைவரும், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் தரகரும், ஒருநாளும் முகம் பார்த்திராத எவனோ ஒருவனும் அந்தப் பட்டியலிலே இருக்கையில், நண்பருக்கு மட்டும் என்று இளம்பெண்ணொருத்தி இடும் படம் சந்தை நடுவே இட்ட படமே. அதிலே ஒருவன் திரையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பிலே விட்டால், எந்தப் பூட்டும் அதைத் தடுக்கப் போவதில்லை. இத்தகைய செயலால் மனமுடைந்து பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளையிடம், நீ ஏன் படம் போட்டாய் என்று கேட்பதை வீட்டாரும் ஆசிரியரும் நிறுத்தவேண்டும். நம்பி ஒருவரிடம் காட்டியதை நாலு பேருக்குக் காட்டியவனே குற்றவாளி.

வீட்டு விஷயம் இவ்வாறிருக்க, நாட்டு விஷயத்தைப் பார்ப்போம்.

2018 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கண்டி மாவட்டம் எரிந்ததை எவரும் மறந்திரார். தெல்தெனியவிலே தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டினுள்ளே இளைஞர் ஒருவர் மாண்டார். கும்பலைத் திரட்டிய அழைப்புகள் முகநூலிலே பகிரங்கமாகவே உலவின. அவற்றை எழுதியோர் யார் பார்க்கவேண்டும் என்பதை நன்கு தேர்ந்தே எழுதினர். மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் முடக்கிற்று. ஏறத்தாழ ஒரு வாரம் குற்றவாளியின் வாயும், உறவினர் உயிரோடிருக்கிறாரா என்று கேட்க விரும்பிய அப்பாவியின் வாயும் ஒன்றாகவே அடைக்கப்பட்டன. அந்த வெறியாட்டத்திலே தனது மேடை பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 ஆம் ஆண்டிலே வருத்தம் தெரிவித்தது. இரண்டாண்டு கழித்து வந்த வருத்தம்!

அதே 2020 இல், அதே கண்டிப் பகுதியிலே நடந்தது இன்னொன்று. கொரோனாத் தொற்றைச் சாக்காக வைத்து முஸ்லிம்கள்மீது வெறுப்பு அள்ளி வீசப்பட்ட வேளையில், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தரான திரு. ரம்சி ராசீக் ஏப்ரல் 2 ஆம் திகதி முகநூலிலே சிங்களத்தில் ஒரு பதிவு எழுதினார். இனவெறியைப் பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு கருத்துத் தளத்திலே எதிர்க்கவேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். மிரட்டல்கள் குவிந்தன. அவர் பொலீசிலே முறையிட்டார். ஏப்ரல் 9 ஆம் திகதி கைதானவரோ மிரட்டியவர் அல்லர், அவரே! குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை நம் நாட்டுக்குக் கொண்டுவந்த 2007 ஆம் ஆண்டுச் சட்டமே அவர்மீது பாய்ந்தது. உரிமையின் பெயரால் இயற்றிய சட்டம் உரிமையைப் பறித்த கொடுமை இது. செப்டெம்பர் 17 வரை, ஐந்து மாதங்களுக்கு மேலாக, அவர் விளக்கமறியலிலே கிடந்தார். அந்தக் கைது சட்டவிரோதமானது என்று 2023 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பத்து லட்சம் ரூபாய் நட்டஈடும் விதித்தது.

நண்பருக்கு மட்டும் என்று வைத்திருந்தால் இந்த வம்பு வந்திராதே என்று புத்தி சொல்வோர் எம்மிடையே உண்டு. அவர்களோடு நாம் உடன்படோம். குழந்தையின் படத்தையும், வீட்டுத் தொலைபேசி எண்ணையும், குடும்பத்தோடு ஊருக்குப் போயிருக்கும் செய்தியையும் பூட்டி வையுங்கள் என்று சொல்வது நியாயம். சம்பளம் போதாது, லயத்துக் கூரை ஒழுகுகிறது, இன்ன அதிகாரி கையூட்டுக் கேட்கிறார், அயலவர்மீது வெறுப்பை வளர்க்கிறார்கள் என்று சொல்வதையும் பூட்டி வையுங்கள் என்பது என்ன நியாயம்? இவை ஊர் அறியவேண்டிய விஷயங்கள். இவற்றைப் பூகோளத்தின் கீழ் எழுதுவதே முறை. பொலீசுக்கு அஞ்சியோ, கும்பலுக்கு அஞ்சியோ, துரைக்கு அஞ்சியோ ஒருவன் பூட்டைத் தேடுவானாயின், அங்கே தெரிவு செய்தவன் அவனல்லன். அச்சுறுத்தியவனே அவனுக்காகத் தெரிவு செய்துவிட்டான். சிறுபான்மையோர் நாவடக்கி இருந்த ஊர்களிலே தீ பரவாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. 1977 இலும் 1983 இலும் மலைநாட்டுத் தமிழர் என்ன எழுதியிருந்தார்கள், அடிபடுவதற்கு?

2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியபொழுது, பெண்களையும் பிள்ளைகளையும் காப்பதற்கே அது என்று சொல்லப்பட்டது. ஒருவருடைய அந்தரங்கத்தை வெளியிட்டுத் துன்புறுத்துவதை அது குற்றமாக்கியது நன்றே. ஆனால் எது பொய், எது மெய் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்ததை ஏற்பதற்கில்லை. பெண்ணின் படத்தைத் திருடியவனைப் பிடிக்கும் பகுதியை வைத்துக்கொண்டு, அரசைக் குறைகூறுபவனைப் பிடிக்க உதவும் பகுதியைக் கிழித்தெறிய வேண்டும். ஒரு பதிவு பற்றி முறைப்பாடு வந்தால், அது யாருக்காக எழுதப்பட்டது, வன்முறைக்கு அழைக்கிறதா, அழைப்பது யாரை என்று ஆராயாமல் எவரையும் விளங்கிடலாகாது என்ற கட்டளையும் பொலீசாருக்குப் பிறக்கவேண்டும்.

எமது தொழிற்சங்கங்கள் இதிலே வாளாவிருப்பது வியப்பளிக்கிறது. சந்தாப் பணம் பெறுவதோடு அவற்றின் கடமை தீர்ந்துவிடாது. ஹந்தானையிலும் தலாத்துஓயாவிலும் உள்ள தோட்டங்களிலே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ தாய்மாரையும் பிள்ளைகளையும் கூட்டி, கைத்தொலைபேசியிலே அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, பழைய பதிவுகளை ஒரேயடியாக நண்பருக்குள் சுருக்குவது எப்படி என்று தமிழிலே காட்டிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். லயங்களுக்கு இலக்கமிட்டு, தோட்டத்துக் கடிதங்களைக் கந்தோருக்கு அனுப்பாமல் உரியவர் வாசலிலே சேர்க்கச் செய்யும் வேலையும் அதே சங்கங்களுக்குப் பாக்கியாகவே கிடக்கிறது.