ஆப் வச்ச ஆப்பும் ஏரிக்கரைத் தும்மலும்

ஆகஸ்ட் பாதி தாண்டிருச்சு. எங்க வீட்டுல ரூமுக்கு ஒரு டிஷ்யூ டப்பா வச்சாச்சு. ஆபீஸ்ல ஆணி ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். இன்னைக்குப் பதிவு மூக்கைப் பத்தி. சிரிக்காதீங்க, விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

நான் பொட்டி தட்டுற ஊர் மேடிசன், அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத் தலைநகரம். மெண்டோட்டா, மொனோனான்னு ரெண்டு பெரிய ஏரி, நடுவுல ஒடுங்கின நிலத்துல ஊரு. பார்க்க அவ்வளவு அழகு. ஆனா ஏப்ரல், மே மாசம் ஓக், பிர்ச் மரங்களோட மகரந்தம், ஜூன்ல புல்லு, ஆகஸ்ட் நடுவுலேர்ந்து முதல் உறைபனி வரைக்கும் ராக்வீட்னு ஒரு களைச்செடி. இந்த ராக்வீட் ஒரே செடி ஒரு சீசன்ல நூறு கோடி துகள் வரைக்கும் காத்துல விடும். அதே சமயம் மஞ்சளா பூக்குற கோல்டன்ராடைத்தான் எல்லாரும் திட்டுவாங்க. பாவம், அதோட மகரந்தம் பிசுபிசுன்னு கனமா இருக்கும், பூச்சிதான் தூக்கிட்டுப் போகணும். பச்சைப் பூவோட கண்ணுக்கே தெரியாம நிக்குற ராக்வீட்தான் நிஜ வில்லன். நம்ம ஊர் பார்த்தீனியத்துக்கு இது சொந்தக்காரன், ரெண்டும் சூரியகாந்திக் குடும்பம். பார்த்தீனியம் ஒத்துக்காத உடம்புக்கு ராக்வீடும் ஒத்துக்காமப் போக வாய்ப்பு உண்டு.

வந்த புதுசுல ரெண்டு வருஷம் எனக்கு ஒண்ணுமே இல்ல. மூணாவது வருஷம் பிடிச்சுது தும்மல். "மிளகு ரசம் வச்சுக் குடிடா, ஏசில படுக்காதே"ன்னு அம்மா போன்ல சொன்னாங்க. குடிச்சேன். ரசம் நல்லா இருந்துச்சு, தும்மல் நிக்கல. புது ஊர் மகரந்தத்தை எதிரின்னு உடம்பு முடிவு பண்ணவே சில சீசன் ஆகும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதனால "எனக்கெல்லாம் அலர்ஜி கிடையாது"ன்னு புதுசா வர்ற மக்கள் அவசரப்பட்டு சொல்லாதீங்க.

என் கதை தும்மலோட போச்சு. தங்கமணிக்கு சின்ன வயசுலேர்ந்தே வீசிங். போன செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போன்ல பார்த்தேன். மகரந்தம் 'குறைவு', பச்சைக் கலர். நாந்தான் "வா, இன்னைக்கு நல்லா இருக்கு"ன்னு ஏரிக்கரைக்கு இழுத்துட்டுப் போனேன். ரெண்டு மணி நேரம் நடந்தோம். சாயங்காலம் நெஞ்சுல விசில் சத்தம் ஆரம்பிச்சுது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல அவளால. எமர்ஜென்சிக்கு ஓடினோம், நெபுலைசர் வச்சாங்க. வீடு திரும்பும்போது மணி மூணு. "ஆப்ல குறைவுன்னு போட்டிருந்துச்சே"ன்னு நான் நர்ஸ்கிட்ட சொன்னதை நினைச்சா இப்பவும் கூச்சமா இருக்கு.

அப்புறம்தான் தோண்ட ஆரம்பிச்சேன். மகரந்தத்தை நிஜமா எண்ணுறது எப்படின்னா, மொட்டைமாடில ஒரு கருவி காத்தை உறிஞ்சி பிசின் தடவின பட்டையில ஒட்ட வைக்கும். பயிற்சி எடுத்த ஒருத்தர் அதை மைக்ராஸ்கோப்ல வச்சு எண்ணுவார். ஒரு கன மீட்டர் காத்துல இத்தனைன்னு கணக்கு வரும். அதுவும் அனேகமா நேத்தைய கணக்கு. இங்கே தேசிய அலர்ஜி பீரோவோட சேர்ந்த எண்ணிக்கை நிலையங்கள் நூறுகூட இல்ல. பல இடத்துல டாக்டர்கள் சொந்த ஆர்வத்துல பண்றாங்க. நம்ம போன்ல வர்றது பெரும்பாலும் வானிலையையும் செடி கொடி வரைபடத்தையும் வச்சு கம்ப்யூட்டர் போடுற ஊகம்.

ஊகம் தப்புன்னு சொல்லல. நானும் அதே பொழைப்புல இருக்கறவன்தான். ஆனா சென்சாரே இல்லாம டேஷ்போர்டுல பச்சை லைட் எரிய விட்டா எங்க மேனேஜர் என்னை சும்மா விடுவாரா? 'இது எண்ணினது', 'இது ஊகிச்சது'ன்னு ஒரு வார்த்தை போட என்ன கஷ்டம்?

இன்னொண்ணு. ஒரு கன மீட்டருக்கு 60 துகள்னா, அந்த பீரோவோட அளவுகோல்படி மரத்துக்கு அது 'மிதம்', களைக்கு 'அதிகம்'. எந்தச் செடின்னு சொல்லாம மொத்தமா ஒரே கலர் அடிச்சா யாருக்கு என்ன பிரயோஜனம்?

"ஜன்னலைச் சாத்து, மாத்திரை போடு, இதுக்கெல்லாம் அரசாங்கம் வரணுமா?"ன்னு ஆபீஸ் நண்பன் கேட்டான். 2016 நவம்பர் 21 அன்னைக்கு ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல இடிமழையும் புல் மகரந்தமும் சேர்ந்து அடிச்சுது. ஆயிரக்கணக்கான பேர் மூச்சுத்திணறலோட ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க, 10 பேர் செத்துப் போனாங்க. பாதிக்கப்பட்டதுல ஆசிய, இந்திய வம்சாவளிக்காரங்க விகிதத்துக்கு மீறி அதிகம். அதுக்கப்புறம்தான் விக்டோரியா மாநிலம் நிலையங்களைக் கூட்டி எச்சரிக்கை முறை கொண்டு வந்துச்சு. சாவு விழுந்தப்புறம்தான் எண்ணணுமா?

எண்ணினா என்ன கிடைக்கும்னு எங்க ஊரே சாட்சி. மேடிசன்ல ராக்வீட் சீசன் 1995லேர்ந்து 2009க்குள்ள 12 நாள் நீண்டிருக்குன்னு ஒரு ஆய்வு சொல்லுது. யாரோ ஒருத்தர் வருஷக்கணக்கா உட்கார்ந்து எண்ணினதாலதான் அது தெரியுது. மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே, சீசனுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். சீசன் எப்போன்னு தெரியாம எப்படி ஆரம்பிக்கிறது?

கோடைல எங்க ஏரித் தண்ணியை எடுத்து பாக்டீரியாவும் பாசியும் எவ்வளவுன்னு சுகாதாரத் துறை சோதிக்கிறாங்க, மோசமா இருந்தா குளிக்கிற கரையை மூடுறாங்க. யாரும் 'வீண் செலவு'ன்னு சொல்றதில்ல. தண்ணியில இருக்குறதை அளந்து சொல்ற ஊர், அதே கரையில வீசுற காத்தையும் பொதுச் சேவையா தினமும் அளந்து சொல்லணும். டாக்டர்களோட நல்ல மனசை நம்பி அதை விடக்கூடாது. இதுதான் என் கட்சி.

அதுவரைக்கும் நாங்க ஒரு நோட்டு போட்டிருக்கோம். தேதி, எங்கே போனோம், எத்தனை தும்மல், இன்ஹேலர் எத்தனை தடவை. ரொம்ப பழைய டெக்னாலஜிதான், ஆனா அதுல இருக்குறதெல்லாம் எண்ணினது. ஆப் பச்சையா காட்டினாலும் இப்பல்லாம் நடைக்குப் போகலாமா வேணாமான்னு தங்கமணிதான் முடிவு பண்ணுவா.

உங்க ஊர்ல எப்படி மக்களே? எண்ணுறாங்களா, ஊகிக்கிறாங்களா? விசாரிச்சு சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. வீசிங் இருக்குறவங்க நோட்டையும் எடுத்துக்கிட்டு நிஜ டாக்டரைப் பாருங்க. அம்மா இதைப் படிச்சா: ரசத்தைக் குறை சொல்லலம்மா :-)