நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

நீர் 100 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கொதிக்கும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். லடாக்கில் உள்ள லே நகரமோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவு. ஆதலால் நீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது, குக்கர் வேண்டும். சமையல் செய்வோர் இதனைப் பழக்கத்தால் அறிவர்.

அத்தகைய மலையூரில் ஒரு மாணவர் கொதிநீரில் வெப்பமானியை வைத்து 88 என்னும் அளவைக் கண்டால், செய்முறைப் பதிவேட்டில் எதனை எழுதுவார்? பெரும்பாலும் 100 என்றே எழுதுவார். மதிப்பெண் அதற்கே கிடைக்கும் என்பது அவர் எண்ணம். இங்கே பிழை நூலினுடையது அன்று. கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் என்னும் நிபந்தனையை நூல் கூறத்தான் செய்கிறது. கண்ணால் கண்ட அளவைவிட மனப்பாடம் செய்த எண்ணை நம்பப் பழக்கியதே பிழை. 88 என எழுதி, ஏன் குறைந்தது என்று வினவும் மாணவருக்கே காற்றழுத்தம் பற்றிய பாடம் உண்மையில் பயன்படும்.

இந்நிலையை மாற்ற முயன்றோரும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு, 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. மாணவர்கள் குழுக்களாக அமர்ந்து சோதனைகளைத் தாமே செய்தனர். தேர்வுக்கு நூலை எடுத்துச் செல்லலாம். செய்முறைக்கும் தேர்வு உண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, 1978இல் இத்திட்டத்தில் பணியாற்ற வந்தார். தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வு டியூப் துண்டுகளையும் இணைத்து வடிவியல் உருவங்களை அமைத்தார். அவ்வாறு செய்த முக்கோணத்தை அழுத்தினால் அது உறுதியாக நிற்கும். சதுரமோ ஒரு பக்கம் சாயும். பாலங்களில் முக்கோணச் சட்டங்கள் அமைவதன் காரணத்தை விரல்களே உணர்ந்துகொள்ளும். ஆய்வகம் அமைக்கப் பணமில்லை என்னும் சாக்கு இதன்முன் நில்லாது.

2002இல் அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. இன்றும் பல பள்ளிகளில் செய்முறைப் பதிவேடு, ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுத, ஆண்டிறுதியில் அவசரமாக நிறைவடைகிறது. அழகிய கையெழுத்து பாராட்டப்படுகிறது. கருவியைத் தொட்டவர் யார் என்று எவரும் வினவுவதில்லை. எதிர்பாராத அளவை உள்ளவாறே பதிவுசெய்து, அதற்குக் காரணம் தேடும் மாணவருக்குச் சில மதிப்பெண்களை ஒதுக்கலாம். அதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. மதிப்பீட்டு விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.