சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்த பையன்

ஜூலை பிறந்தால் பிரான்ஸில் சைக்கிள் திருவிழா. 'தூர் தெ பிரான்ஸ்'. மூன்று வாரம், 21 கட்டம், சுமார் 3,300 கிலோமீட்டர். நம்ம கரியமாணிக்கத்திலிருந்து கன்னியாகுமரிக்குக் கிட்டத்தட்ட மூன்று தடவை போய்த் திரும்புகிற தூரம். வழியில் ஆல்ப்ஸ், பிரனீஸ் என்று மலைகள் வேறு. நடுவில் இரண்டே நாள் லீவு. சி.எல். கிடையாது.

டி.வி.யில் இதைப் பார்த்த எங்கள் தெரு மாமா ஒருத்தர் நியாயமான சந்தேகம் கேட்டார்.

''ஏம்ப்பா, ரேஸுன்னா ஒருத்தனை ஒருத்தன் முந்தணும். இந்த ஆளு என்னடான்னா பின்னாடி போயி, சட்டைக்குள்ள எட்டு பாட்டில் தண்ணிய சொருகிக்கிட்டு வந்து, முன்னாடி போறவனுக்கெல்லாம் குடுக்கறான். பைத்தியமா?''

இல்லை மாமா, உத்தியோகம்.

ஒரு டீமுக்கு எட்டுப் பேர் (2018-க்கு முன்னால் ஒன்பது). அதில் ஜெயிக்க வேண்டியவர் ஒருத்தர்தான். மற்ற ஏழு பேரும் அவருக்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள். தண்ணீர் கொண்டு வருவது, பின்தங்கினால் காத்திருந்து கூட்டிக்கொண்டு வருவது, எல்லாவற்றுக்கும் மேலாக முன்னால் போய்க் காற்றை வாங்குவது. பிரெஞ்சில் இவர்களுக்குப் பெயர் 'தொமெஸ்திக்'. வீட்டு வேலைக்காரன் என்று அர்த்தம். நாசூக்கெல்லாம் இல்லை.

காற்று சமாசாரம் நமக்குத் தெரிந்ததுதான். பாகூர் ரோட்டில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்கள், கரும்பு டிராக்டர் ஒன்று வந்தால் அதன் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். கரும்பு உருவ மட்டுமல்ல, மிதிப்பது பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். அங்கேயும் அதே சூத்திரம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால், பின்னால் வருகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி மிச்சம். தலைவர் அந்த மிச்சத்தைப் பத்திரமாகச் சேர்த்துவைத்து, கடைசி மலையில் செலவழித்து, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். உங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

மஞ்சள் என்ன கணக்கு? இந்தப் பந்தயத்தை 1903-ல் ஆரம்பித்ததே 'லோத்தோ' என்ற பத்திரிகை, விற்பனையைக் கூட்டுவதற்காக. அது மஞ்சள் காகிதத்தில் அச்சானது. 1919-ல் வந்த மஞ்சள் சட்டைக்கு அதுதான் காரணம் என்பார்கள். விற்பனை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. போட்டிப் பத்திரிகை அடுத்த வருஷமே மூடிவிட்டது. (எங்கள் ஆசிரியருக்கு இந்த யோசனையைச் சொல்லப் போவதில்லை. என்னையே ஓட்டச் சொல்லிவிடுவார்.)

இப்போது 1934-க்கு வாருங்கள். அப்போது கரியமாணிக்கமும் பிரெஞ்சு சர்க்கார்தான். பிரான்ஸ் அணியின் தலைவர் அந்தோனன் மாஞ். அணியில் புதுசாக ஒரு பையன், ரெனே வியெத்தோ, வயசு 20. மலை என்றால் பறப்பான். அந்த வருஷம் மட்டும் நாலு கட்டம் ஜெயித்தான்.

பிரனீஸ் மலை இறக்கத்தில் மாஞ்சின் சக்கரம் உடைந்தது. வியெத்தோ இறங்கினான். தன் முன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தான். தலைவர் போய்விட்டார். மாற்றுச் சக்கரத்தோடு வண்டி வருகிற வரைக்கும் பையன் ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து அழுதான். எல்லாரும் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் மாஞ்சின் சைக்கிள் மறுபடி மக்கர். வியெத்தோ அப்போது முன்னால் போய்க்கொண்டிருந்தான். தெரியாத மாதிரி போயிருக்கலாம். போகவில்லை. சைக்கிளைத் திருப்பி, இறங்கிய மலையிலேயே மறுபடி ஏறி வந்து, இந்தத் தடவை முழு சைக்கிளையும் கொடுத்தான்.

கடைசியில் மாஞ் 27 நிமிஷ வித்தியாசத்தில் ஜெயித்தார். வியெத்தோவுக்கு ஐந்தாவது இடம். 27 நிமிஷத்தைப் பார்த்தால், அந்தச் சக்கரம் இல்லாமலே ஜெயித்திருப்பாரோ என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் மலை இறக்கத்தில் நிற்கிறவனுக்குக் கடைசிக் கணக்கு தெரியாது. கொடுப்பதா வேண்டாமா, அவ்வளவுதான் தெரியும்.

சுவரில் உட்கார்ந்து அழுத அந்தப் போட்டோ பிரான்ஸ் முழுக்கப் பிரபலம். மாஞ்சை விட அவரைத்தான் ஜனங்கள் கொண்டாடினார்கள். 'ஆகா, தியாகத்துக்குப் பலன்' என்று நான் முடித்துவிடலாம். பொய்யாகிவிடும். வியெத்தோ 1939-ல் இரண்டாவதாக வந்தார். 1947-ல் பல நாள் மஞ்சள் சட்டை போட்டு, முடிகிற நேரத்தில் பறிகொடுத்தார். ஒரு தடவைகூட 'தூர்' ஜெயிக்கவில்லை. போட்டோவை வெட்டி சட்டை தைக்க முடியாது.

ஒரு நல்ல பழக்கம் மட்டும் அங்கே உண்டு. முதல் பரிசு 5 லட்சம் யூரோ. ஜெயித்தவர் அதைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வதில்லை. தண்ணீர் சுமந்தவர்களுக்கும் காற்று வாங்கியவர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவதுதான் சம்பிரதாயம்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து மேனேஜர் மேஜையில் வைக்க விரும்புகிறவர்கள் வைக்கலாம். இன்கிரிமென்ட் ஆர்டர் கைக்கு வந்த பிறகு.