பாதத்தில் ஒரு கரும்புள்ளி

சென்ற ஆண்டு உறவினர் ஒருவரின் சதாபிஷேக வைபவம். பெற்றோரை மணையில் அமர்த்தி, தாம்பாளத்தில் தந்தையின் பாதங்களை வைத்து நீர் வார்த்தாள் மகள். இடது குதிகாலில் ஒரு கரும்புள்ளி தென்பட்டது. கழுவியும் போகவில்லை.

"கால் ஆணிதானம்மா. பிராகாரத்தில் வெறுங்காலோடு நடக்கிறேன் அல்லவா? ஒரு வருஷமாக இருக்கிறது" என்றார் பெரியவர்.

மகள் விடவில்லை. மறுவாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதித்ததில், அது 'மெலனோமா' எனும் தோல் புற்று எனத் தெரிந்தது. ஆழமாக இறங்குமுன்பே கண்டறிந்தமையால் அறுவை சிகிச்சையோடு முடிந்தது. இன்று அவர் மீண்டும் பிரதட்சிணம் வருகிறார்.

நம் தோலின் கருநிறம் வெயிலின் தீங்கிலிருந்து நம்மைப் பெரிதும் காக்கிறது. ஆகவே தோல் புற்று நம்மவரிடையே குறைவே. ஆனால் மெலனோமா வரும்போது, வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே பெரும்பாலும் வருகிறது. நாம் பாராத இடங்கள் அவை. அதனால்தான் பலர் காலங்கடந்து மருத்துவரிடம் செல்கின்றனர்.

முதுமையில் தோலில் தோன்றுபவை யாவும் புற்று அல்ல. கழுத்தில் தொங்கும் சிறு மருக்கள், மார்பில் காணும் செந்நிறப் புள்ளிகள், முகத்திலும் முதுகிலும் ஒட்டவைத்தாற்போன்ற கறுத்த தடிப்புகள் ஆகியவை பெரும்பாலும் தீங்கற்றவை. வறட்சியால் வரும் அரிப்புக்கு, குளித்தவுடன் ஈரம் உலருமுன் தேங்காய் எண்ணெய் தடவினாலே பலருக்கும் இதம் கிட்டும். ஈர வேட்டியோடு நெடுநேரம் இருப்போருக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை வரலாம். கடையில் தாமாகவே களிம்பு வாங்கிப் பூசுவது, நோயை மறைத்து வளர்த்துவிடும்.

பின் எவற்றை அஞ்ச வேண்டும்? நான்கு வாரம் கடந்தும் ஆறாத புண்; அளவிலோ நிறத்திலோ மாறிவரும் மச்சம்; ஓரம் ஒழுங்கற்றுப் பல நிறம் கலந்த புள்ளி; ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுவரும் கருங்கோடு; மூக்கருகிலோ இமையருகிலோ மணிபோல் பளபளத்து, அவ்வப்போது இரத்தம் கசியும் சிறு கட்டி; பழைய தீத்தழும்பில் புதிதாக எழும் புண் அல்லது தடிப்பு.

இடுப்பையும் மறவாதீர்கள். பாவாடை நாடாவையும் வேட்டியையும் பல்லாண்டுகள் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் தோல் கறுத்துத் தடிக்கும். அரிதாகச் சிலருக்கு அவ்விடத்திலேயே புற்று உண்டானதை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். அகலமான நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள். கட்டும் இடத்தையும் சற்றே மாற்றுங்கள்.

மருவின்மீது சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும், தலைமுடியால் இறுக்கிக் கட்டுவதும், கால் ஆணி என்று பிளேடால் சீவுவதும் வேண்டா. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. துணுக்கு எடுப்பதால் புற்று பரவாது, தாமதத்தால்தான் பரவும்.

புள்ளிருக்குவேளூரில் வைத்தியநாதருக்கு உப்பும் மிளகும் செலுத்தி, சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைத்துத் தோல் பிணி நீங்க வேண்டுவது நம் மரபு. அத்தலத்து அன்னை தையல்நாயகி, தைலப் பாத்திரம் ஏந்தி ஈசனுக்குத் துணையாக வந்தாள் என்கிறது தல வரலாறு. பிணி தீர்க்கும் பெருமானின் அருகிலேயே மருந்தும் இருக்கிறது. வேண்டுதலைச் செலுத்துங்கள், மருத்துவரையும் நாடுங்கள்.

மாதம் ஒருமுறை, எண்ணெய் நீராடலுக்கு முன் நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து உள்ளங்கால், விரலிடுக்கு, நகங்கள், இடுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். குனிய இயலாதோர் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைக் காட்டிப் பார்க்கலாம். நீரிழிவால் காலில் உணர்வு குன்றியோருக்கு இது மாதக் கடமை அன்று, அன்றாடக் கடமை. முதுகைப் பார்க்க இல்லத்தரசியோ கணவரோ உதவட்டும்.

பேரப்பிள்ளைகள் உங்கள் பாதம் தொட்டு வணங்கும்போது, ஆசி கூறிய கையோடு, "உள்ளங்காலையும் ஒருமுறை பார்த்துச் சொல்லப்பா" என்று கேளுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.